மாஸ்டர் கொடுத்தால் குடித்துவிடுவான்

2010இல் டெல்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் இந்தியப் பெண்கள் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கினார்கள். அடுத்த ஆண்டே அந்தத் தங்கம் வாங்கியவர்களில் மூன்று பேர் உட்பட ஆறு ஓட்டக்காரிகள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். அவர்கள் சொன்ன விளக்கம் ரொம்ப எளிமையானது. உக்ரைனிலிருந்து வந்த பயிற்சியாளர் ஜின்செங் கொடுத்தார், சாப்பிட்டோம், அதில் என்ன கலந்திருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஓட்டக்காரிகளுக்கு இங்கே ஓராண்டுத் தடை விதித்தார்கள். 2012இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டாண்டாக்கியது. லண்டன் ஒலிம்பிக் போயிற்று.

அவர்கள் சொன்னது முழு உண்மையா என்று இன்றும் வாதாடலாம். எனக்கு அந்த வழக்கில் உறுத்துவது வேறு. அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். தேசிய முகாமில் இருந்து, வெளிநாடுகளுக்குப் போய் ஓடி, பதக்கம் வாங்கி வந்த பெரியவர்கள் பயிற்சியாளர் நீட்டியதை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் ஒரு மாவட்ட மைதானத்தில் காலை ஐந்தரை மணிக்கு ஸ்பைக்ஸ் கட்டிக்கொண்டு நிற்கும் பதினாலு வயதுப் பையன் என்ன செய்வான்? மாஸ்டர் கொடுத்தால் குடித்துவிடுவான். "இது என்ன சார்?" என்று கேட்க மாட்டான். அவனுடைய அம்மா அப்பாவும் கேட்க மாட்டார்கள். நம் ஊரில் மாஸ்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு.

இந்தக் கட்டுரை அந்த மாஸ்டர்களை நோக்கித்தான். சப்ளிமென்ட் என்ற பெயரில் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் ஒவ்வொரு டப்பாவுக்கும் முதல் பொறுப்பு பயிற்சியாளருடையது என்பது என் கட்சி. கம்பெனிக்கும் கடைக்காரருக்கும் அரசுக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பையன் நம்புவது அவர்களில் யாரையும் அல்ல, மாஸ்டரை.

*

ஊக்கமருந்து விவகாரத்தில் இரண்டு அமைப்புகளின் பெயர் அடிபடும். உலக அளவில் வாடா, இந்தியாவில் நாடா. தமிழில் கேட்டால் சிரிப்பு வரும், விதியைப் படித்தால் வராது. வாடாவின் சட்டத் தொகுப்பில் அடிப்படை விதி இதுதான்: உன் உடம்புக்குள் என்ன போகிறது என்பதற்கு நீதான் பொறுப்பு. தெரிந்து சாப்பிட்டாயா, தெரியாமல் சாப்பிட்டாயா என்பதெல்லாம் தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ உதவும். குற்றம் நடந்ததா இல்லையா என்பதை அது தீர்மானிக்காது. சிறுநீரில் இருந்தால் இருந்ததுதான்.

பிரித்வி ஷா வழக்கு நினைவிருக்கலாம். 2019 பிப்ரவரியில் உள்ளூர் டி20 போட்டியின்போது எடுத்த மாதிரியில் டெர்புடலின் இருந்தது. கடையில் கிடைக்கும் இருமல் சிரப்பில் இருக்கும் சாதாரண மருந்து அது. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது, ஏற்கெனவே இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர். இருமலுக்குக் குடித்தேன் என்ற விளக்கத்தை கிரிக்கெட் வாரியம் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டும் எட்டு மாதத் தடை. உலகத்திலேயே பணக்கார கிரிக்கெட் வாரியத்தின் நிழலில் இருந்த ஒரு பையனுக்கு இருமல் மருந்தைப் பார்த்து வாங்கு என்பது மண்டையில் ஏறவில்லை என்றால், கபடி ஆடும் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

2021 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத் தொகுப்பு சிறுவர்களுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. பதினாறு வயது ஆகாதவர்களைத் தனியாகப் 'பாதுகாக்கப்பட்டவர்கள்' என்று வகைப்படுத்தி, தண்டனையைக் குறைக்க வழி வைத்திருக்கிறது. அப்படி ஒரு பிள்ளை சிக்கினால் கூட இருக்கும் பயிற்சியாளரையும் மற்றவர்களையும் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் பிள்ளை மாட்டிக்கொண்ட பிறகு வரும் விதி அது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு முறைகூடச் சோதனைக் குப்பியைப் பார்க்கப் போவதில்லை. மாவட்டப் போட்டியோடு நின்றுபோகும் அந்தப் பையன் எதைக் குடித்தான், எவ்வளவு செலவழித்தான் என்று எந்த வாடாவும் வந்து கேட்கப் போவதில்லை.

*

"சப்ளிமென்ட் வேற, ஊக்கமருந்து வேற. ரெண்டையும் குழப்பாதீங்க." இது எனக்கு அடிக்கடி கிடைக்கும் பதில். புரோட்டின் பவுடர் தடை செய்யப்பட்ட பொருள் அல்ல, சரி. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் நீங்கள் நினைக்கிற அளவுக்கு உயரமில்லை.

சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உதவியோடு ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் ஒரு சோதனை செய்து 2004இல் முடிவை வெளியிட்டது. 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்டுகளைச் சோதித்தார்கள். ஹார்மோன் எதுவும் இருப்பதாக லேபிளில் சொல்லாதவை அவை. அதில் 94 டப்பாக்களில், அதாவது நூற்றுக்குப் பதினைந்தில், அனபாலிக் ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் இருந்தன. பழைய கதை, வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிடுவீர்கள் என்றால் 2024க்கு வாருங்கள். இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டின் பவுடர்களைக் கேரளத்து மருத்துவர் ஒருவரின் குழு சொந்தச் செலவில் சோதித்து ஆய்விதழில் வெளியிட்டது. ஏறத்தாழ எழுபது சதவீதத்தில் லேபிளில் போட்டிருந்த புரோட்டின் அளவு தவறு. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லியின் தடயமும் இருந்தன. நம் அரசின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதே ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டியும் உடம்பு ஏற்றுவதற்காகப் புரோட்டின் பவுடர் சாப்பிடாதீர்கள் என்று நேரடியாகவே சொன்னது.

நான் மென்பொருள் தொழிலில் இருக்கிறவன். வெளியாள் எழுதிய ஒரு சின்ன நிரல் தொகுப்பை எங்கள் அமைப்பில் சேர்க்க வேண்டும் என்றால் ஆயிரம் கேள்வி வரும். யார் எழுதியது, எந்தப் பதிப்பு, இது வேறு எதையெல்லாம் உள்ளே இழுத்து வருகிறது? அதில் தப்பு நடந்தால் சர்வர் படுக்கும், ராத்திரி மூணு மணிக்கு எழுப்புவார்கள், அவ்வளவுதான். வளரும் பிள்ளையின் உடம்புக்குள் போகும் பவுடருக்கு அந்தக் கேள்விகளில் பாதிகூட வருவதில்லை.

சென்ற வருடம் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் ஒரு டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். மகன் பதினொன்றாம் வகுப்பு, நானூறு மீட்டர் ஓடுகிறான். "தம்பி, நீ இன்ஜினியர்தானே, இதுல இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்கு, நல்லதான்னு பார்த்துச் சொல்லு. மாஸ்டர்தான் வாங்கச் சொன்னாரு, கடையையும் அவரே சொன்னாரு." பயிற்சிக்கு முன் குடிக்கும் பவுடர் அது. பதினேழு பெயர்களை வரிசையாகப் போட்டு, எது எவ்வளவு என்று பிரிக்காமல், மொத்தம் இத்தனை கிராம் 'சிறப்புக் கலவை' என்று ஒரே எண்ணைக் கொடுத்திருந்தார்கள். மூலையில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று பொடி எழுத்தில் இருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். "அப்படியா? மாஸ்டருக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

தெரியாது என்றால் அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. தெரியும் என்றால் அதைவிட மோசம். இரண்டில் எது என்று நான் விசாரிக்கப் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது பதில் ஒன்று கிடையாது.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் இருக்கிறதே என்பார்கள். அந்த எண் இருக்க வேண்டும், இல்லாததைத் தொடவே கூடாது. ஆனால் தயாரிப்பவருக்கு உரிமம் இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். உங்கள் கையில் இருக்கும் டப்பாவைத் தடைப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள் என்று பொருளல்ல. அப்படித் தொகுதி தொகுதியாகச் சோதித்து முத்திரை தரும் வெளிநாட்டு அமைப்புகள் உண்டு. அவையும் ஆபத்தைக் குறைக்கின்றன, அழிப்பதில்லை. 'இயற்கை', 'மூலிகை' என்று போட்டிருப்பதும் காப்பாற்றாது. எபிட்ரின் தடைப் பட்டியலில் இருக்கும் பொருள், ஒரு செடியிலேயே இருக்கிறது.

*

இப்போது கணக்கு. ஐம்பது கிலோ எடையுள்ள, தினமும் பயிற்சி செய்யும் பையனுக்கு எடையில் கிலோவுக்கு ஒன்றேகாலிலிருந்து இரண்டு கிராம் வரை புரோட்டின் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது நாளுக்கு அறுபதிலிருந்து நூறு கிராம். மூன்று முட்டையில் பதினெட்டு. அரை லிட்டர் பாலில் பதினாறு. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஐம்பது கிராம் என்றால் பன்னிரண்டு. ஐம்பது கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் பத்து. மூன்று வேளைக்கு முந்நூறு கிராம் அரிசி, அதில் இருபது. ஐம்பது கிராம் பருப்பில் பதினொன்று. கூட்டினால் எண்பத்தேழு. இதில் மீனும் இல்லை, கறியும் இல்லை.

விலையைப் பாருங்கள். சுமாரான வே புரோட்டின் ஒரு கிலோ இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று வையுங்கள். முப்பது கரண்டி வரும். ஒரு கரண்டி எண்பத்து மூன்று ரூபாய், அதில் இருபத்து நாலு கிராம் புரோட்டின், அதுவும் லேபிள் உண்மை பேசினால். அதே இருபத்து நாலு கிராம் நாலு முட்டையில் இருக்கிறது. முட்டை ஏழு ரூபாய் என்றால் இருபத்தெட்டு ரூபாய். முட்டைக்குள் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று கவலைப்பட வேண்டாம். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு என்பது சின்னக் காசா? அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? பல வீடுகளில் அது தங்கச்சியின் தட்டிலிருந்து வருகிறது.

தங்கச்சியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் பதினைந்திலிருந்து பத்தொன்பது வயதுக்குள் இருக்கும் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஓடும்போது மூச்சு வாங்குகிறது, கால் கனக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின். அரசுப் பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள், நீல நிறத்தில். நம் ஊரில் உண்மையாகவே தேவைப்படும் சப்ளிமென்ட் என்று ஒன்று இருக்குமானால் அதுதான், இலவசமாக வருகிறது. அதைக் குமட்டுகிறது என்று ஜன்னல் வழியே எறிகிற பிள்ளையிடம் "சாப்பிட்டுட்டுப் போடும்மா" என்று சொல்லாத மாஸ்டர், மூவாயிரம் ரூபாய் டப்பாவுக்குச் சீட்டு எழுதுகிறார்.

இன்னொன்று. தமிழ்நாட்டுச் சத்துணவும் முட்டையும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. மாநிலத் தேர்வு, விளையாட்டு விடுதி, கல்லூரி ஒதுக்கீடு என்று பயிற்சி உச்சத்துக்குப் போவது பதினொன்று, பன்னிரண்டில். சரியாக அந்த இரண்டு வருடம் மதியம் முட்டை இல்லை. பயிற்சியாளர் சங்கங்கள் போராட வேண்டிய விஷயம் இது. ஒரு பவுடர் கம்பெனியிடம் ஜெர்சிக்கு ஸ்பான்சர் கேட்பதில் காட்டும் சுறுசுறுப்பில் பாதியை இதில் காட்டினால் போதும்.

*

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நியாயம் உள்ள வாதம் ஒன்று: கிரியேட்டின், காஃபீன் போன்ற சிலவற்றுக்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறது. உண்மைதான், 2018இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிபுணர்களே அப்படி ஒரு சின்னப் பட்டியல் போட்டார்கள். அந்த ஆதாரங்களில் பெரும்பகுதி வளர்ந்து முடிந்தவர்களிடம் எடுத்தது. பதினாலு வயதுப் பையனுக்கு இன்னும் உயரம் வரவேண்டும், தோள் விரிய வேண்டும். ஆறு மாதத்தில் அவன் நூறு மீட்டரில் அரை நொடி குறைத்தால் அது டப்பாவால் வந்ததா, வயதால் வந்ததா? வயதால் வந்ததை டப்பா கணக்கில் எழுதுவதுதான் இந்த வியாபாரத்தின் மூலதனம். பையனும் நம்பிவிடுகிறான். தன் உடம்பு போதாது, ஏதாவது கலந்தால்தான் ஓடும் என்று அந்த வயதில் ஒருவன் நம்பத் தொடங்கினால், நாளைக்கு ஊசியோடு ஒருவன் வரும்போது மறுக்க அவனிடம் என்ன காரணம் மிச்சமிருக்கும்?

அந்த நாளை நாம் பார்த்துவிட்டோம். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு நாடா அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வீரர்கள் மைதானத்தை விட்டு மறைந்தார்கள். ஆண்கள் நூறு மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒரே ஒருவர் ஓடினார். கழிப்பறையில் கிடந்த ஊசிகளின் காணொளி ஏற்கெனவே வெளியாகியிருந்தது. அதே ஆண்டு இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213இல் தடைப்பொருள் இருந்தது. அதிகமாகச் சோதிக்கும் நாடுகளில் அந்த விகிதம்தான் மோசமானது. ஓடிப்போனவர்களைப் பார்த்துச் சிரித்தோம். அவர்களுக்கு முதல் டம்ளரைக் கலக்கிக் கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு வாதம் பணம். "எல்லாரும் சாப்பிடுறாங்க சார், நம்ம பையன் மட்டும் சாப்பிடலைன்னா சான்றிதழ் போயிடும்." இதன் பின்னால் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. நான் படித்த பொறியியல் கல்விக்கே விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்கள் இருக்கின்றன. ரயில்வே, காவல்துறை என்று வேலையும் இருக்கிறது. மாநில அளவில் ஒரு மூன்றாம் இடம் ஒரு குடும்பத்தைத் தூக்கிவிடும். அப்படியிருக்க, அந்தச் சான்றிதழுக்கு ஆசைப்படும் குடும்பம்தான் ஒரு தடையால் அதிகம் இழக்கும் குடும்பமும். பணக்கார வீட்டுப் பிள்ளை தடை வந்தால் வேறு வேலை பார்ப்பான். இவன் எங்கே போவான்?

மாஸ்டருக்கும் சம்பளம் போதவில்லை, உண்மை. பல பயிற்சியாளர்கள் தினக்கூலி நிலையில் இருக்கிறார்கள். அதற்குச் சம்பளம் கேட்டுப் போராடுங்கள், கூட வருகிறேன். பிள்ளைகளின் தலையில் கமிஷன் எடுக்க அது அனுமதியாகாது. மருத்துவர் மருந்துக் கம்பெனியிடம் பரிசு வாங்கினால் கொதிக்கிறோமே, இது மட்டும் எப்படிச் சரி?

*

சரி, பயிற்சியாளர் என்னதான் செய்ய வேண்டும்? பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை.

முதலாவது, விற்கக் கூடாது. தன் கையால் விற்கக் கூடாது, தெரிந்த கடையைக் காட்டக் கூடாது, பங்கு வாங்கக் கூடாது. இந்த ஒன்றைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் நம்ப வேண்டியதில்லை.

இரண்டாவது, பதினெட்டு வயதுக்குள் என்றால் இயல்பான பதில் 'வேண்டாம்' என்பதாக இருக்க வேண்டும். விதிவிலக்கை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு. இரும்பு, வைட்டமின் டி, பி12 எல்லாம் குறைந்திருந்தால் சாப்பிட வேண்டியவை. குறையாதபோது சாப்பிட வேண்டியவை அல்ல.

மூன்றாவது, வருடத் தொடக்கத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும். அம்மா மட்டும் வந்தாலும் சரி, பாட்டி வந்தாலும் சரி. "காலையில வெறும் டீயோட அனுப்பாதீங்கம்மா, ஒரு வாழைப்பழம், கொஞ்சம் கடலை கொடுத்து விடுங்க. பயிற்சி முடிஞ்ச உடனே இட்லியும் முட்டையும் சாப்பிடணும். ராத்திரி ஒன்பதரைக்குத் தூங்கணும், போனை வாங்கி வச்சிடுங்க." இவ்வளவுதான். இதில் எந்தப் பவுடரும் தராத பலன் இருக்கிறது. வீட்டில் அதற்கும் வழியில்லை என்றால் அது மாஸ்டருக்குத் தெரிய வேண்டும். மைதானத்தில் அவித்த முட்டைக்கு ஏற்பாடு செய்ய ஊரில் நாலு பெரியமனிதர்கள் கிடைக்காமல் போக மாட்டார்கள்.

நான்காவது, மருந்துக் கடை. காய்ச்சல், இருமல் என்று எது வந்தாலும் "நான் விளையாடுறேன், எனக்குச் சோதனை வரலாம்" என்று மருத்துவரிடம் சொல்லப் பிள்ளைக்குப் பழக்க வேண்டும். நாடாவின் கைப்பேசிச் செயலியில் மருந்தின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ஆஸ்துமா மாதிரி நிரந்தர மருந்து இருந்தால் முன்கூட்டியே விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அசதியாக இருக்கிறது என்று கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளும் நம் ஊர் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்தில் நூறு மில்லிக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது, மருத்துவமனைச் சிகிச்சை போன்ற காரணம் இல்லாவிட்டால், உள்ளே இருப்பது வெறும் குளுக்கோஸானாலும் தடைசெய்யப்பட்ட முறை. எத்தனை மாஸ்டர்களுக்கு இது தெரியும்?

ஐந்தாவது, பெண் பிள்ளைகள். பயிற்சி கூடி, சாப்பாடு குறைந்து, மாதவிடாய் நின்றுபோனால் அது உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி. அதை 'நல்ல ஃபிட்னஸ்' என்று சொல்லும் ஆள் பயிற்சியாளராக இருக்கவே கூடாது. ஆண் மாஸ்டரிடம் பேசத் தயங்கினால் ஒரு ஆசிரியை வழியாகவாவது அம்மாவுக்கும் பிறகு மருத்துவருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர ஏற்பாடு வேண்டும்.

கடைசியாக, 'எனக்குத் தெரியாது' என்று சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். "இந்த டப்பாவில் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, அதனால என் பசங்களுக்குக் கொடுக்க மாட்டேன்" என்று ஒரு மாஸ்டர் மைதானத்தில் நாற்பது பிள்ளைகள் முன்னால் சொன்னால் அவர் மரியாதை குறையாது. தெரியாததை வாயில் போடக் கூடாது என்பதை அந்த நாற்பது பேரும் அவரிடமே கற்றுக்கொள்வார்கள்.

விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாவட்டச் சங்கங்களும் ஒரு வரி எழுதினால் போதும்: பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் எவரும் சப்ளிமென்ட் விற்கவோ, அதில் பங்கு வாங்கவோ கூடாது, மீறினால் மைதானத்துக்குள் வர முடியாது. அந்த வரி வரும் வரை பெற்றோரே கேட்கலாம். மரியாதையாகவே கேட்கலாம். "சார், இதுல என்ன இருக்கு? இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா?" போட்டுத் தர மாட்டேன் என்றால் காசை எடுத்துக்கொண்டு முட்டைக் கடைக்குப் போய்விடுங்கள்.